மருந்து முடிந்தது... கால் ஊன்றுவது எப்போது?

புற்றுநோய் சிகிச்சை முடித்து வீடு திரும்புகிறவர்கள், இழந்த பலத்தையும் நடையையும் மீட்பது எப்படி? சானமாவு வட்டாரத்தை முன்வைத்து ஒரு சிறப்புப் பார்வை.

யானை வரும் ஊரில் மெதுவாக நடப்பதே ஆபத்து. ஓசூரை அடுத்த சானமாவுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ராகிக் கதிர் முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காடுகள் வழியாக வரும் யானைக் கூட்டங்கள் சானமாவு காப்புக்காட்டில் முகாமிடும். போடூர், பீர்ஜேபள்ளி, ராமாபுரம் என்று சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் வனத்துறை எச்சரிக்கை விடும். விடியலில் தனியாக வயலுக்குப் போகாதீர்கள், இருட்டிய பிறகு வெளியே வராதீர்கள், காட்டை ஒட்டி மாடு மேய்க்காதீர்கள். இத்தனைக்கும் அடியில் சொல்லாமலே விடப்படும் ஒரு நிபந்தனை உண்டு: தேவைப்பட்டால் உங்களால் ஓட முடிய வேண்டும்.

ஓடுவது இருக்கட்டும். வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருப்பவர் என்ன செய்வார்? மார்பகத்துக்கோ கருப்பைவாய்க்கோ குடலுக்கோ மாதக்கணக்கில் சிகிச்சை எடுத்து, "எல்லாம் நல்லா இருக்கு, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று மருத்துவமனை அனுப்பிவைத்தவர் அவர். கட்டி போய்விட்டது. ரிப்போர்ட் சுத்தம். ஆனால் கால் மதமதக்கிறது, தொடை நடுங்குகிறது, கையில் எடுத்த டம்ளர் நழுவுகிறது. ஊரார் கேட்பது "நோய் போச்சா?" என்ற ஒரே கேள்வி. "நிக்க முடியுதா?" என்று யாரும் கேட்பதில்லை.

2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்கள் 14 லட்சத்துக்கு மேல். சிகிச்சை முன்னேற முன்னேறப் பிழைத்து வருகிறவர்களின் எண்ணிக்கையும் கூடும். பிழைத்தவர் திரும்ப வாழ்வதற்கு எது தேவை என்பதை நம் மருத்துவமும் குடும்பங்களும் இன்னும் முழுதாக யோசிக்கத் தொடங்கவில்லை.

எல்லையோரத்து உடம்புகள்

ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் பெங்களூருக்குள் நுழையும் சாலைக்கு அங்கே பெயரே ஓசூர் ரோடுதான். 1973-இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை அந்தச் சாலையில்தான் இருக்கிறது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் பிறந்த அடையாறு புற்றுநோய் நிலையம் இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர். கித்வாயோ ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள். எனவே தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் இந்த வட்டாரத்துக்குப் புற்றுநோய் என்றால் பெங்களூரு என்று ஆகிவிட்டதில் வியப்பில்லை. "கீமோ ஏத்தினாங்க, அப்புறம் கரன்ட் வச்சாங்க" என்று கதிர்வீச்சு வரை வரிசையாகச் சொல்பவர்கள், அதற்கடுத்து வர வேண்டிய கட்டத்தைப் பற்றிப் பேசுவது அரிது. எல்லை தாண்டி ஊர் திரும்பியதும் அந்தக் கட்டம் யார் பொறுப்பு என்பதே தெளிவில்லாமல் போகிறது.

இங்கே உடம்புதான் முதல். காப்புக்காட்டைச் சுற்றி ராகி, தக்காளி, முட்டைக்கோஸ், பசுமைக் குடில் ரோஜா. சற்றுத் தள்ளினால் சிப்காட் தொழிற்பேட்டை. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொடங்கிய வரிசையில் இப்போது உத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்திருக்கிறது. ஒரு பக்கம் நாள் முழுக்கக் குனிந்து செய்யும் வேலை, மறுபக்கம் ஷிஃப்ட் முழுக்க நின்று செய்யும் வேலை. உட்கார்ந்து சம்பாதிக்கும் வேலைகள் குறைவு. அதனால் பலம் திரும்புவது என்பது இங்கே நேராகக் கூலியைத் தொடும் விஷயம்.

பாதம் அனுப்பாத செய்தி

ஒருவர் விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வர வேண்டும். கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். பேக்லிடாக்செல், டோசிடாக்செல், சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின், போர்ட்டிசோமிப் போன்ற மருந்துகள் புற்றணுக்களைத் தாக்கும்போது நுனி நரம்புகளையும் பாதிக்கின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் முதலில் அடி வாங்குவது அவைதான். விரல் நுனியில் தொடங்கும் மரப்பு, சாக்ஸ் போட்ட அளவுக்கு மேலேறும். கைகளிலும் அப்படியே. எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். சிலருக்குச் செருப்பு கழன்று வாசலிலேயே நின்றுவிடும். பத்தடி நடந்த பிறகு கீழே பார்த்தால்தான் வெறுங்காலில் வந்திருப்பதே தெரியும்.

பாதம் செய்தி அனுப்பாவிட்டால் கண் அந்த வேலையைச் சேர்த்துச் செய்யும். அதனால்தான் பகலில் ஓரளவு சரியாக நடப்பவர் இருட்டில் தடுமாறுகிறார். குளியலறையில் முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடிய நொடியில் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. பாதங்களைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடச் சொல்லி, சாய்கிறாரா என்று பார்க்கும் சோதனை 19-ஆம் நூற்றாண்டு பெர்லின் மருத்துவர் ரோம்பெர்க்கின் பெயரால் இன்றும் எல்லா நரம்பியல் பிரிவுகளிலும் நடக்கிறது. குளியலறையில் விழுந்தவர்கள் அந்தச் சோதனையைத் தங்களை அறியாமலே செய்து பார்த்தவர்கள்.

இது அபூர்வமும் அல்ல. 31 ஆய்வுகளின் 4,179 நோயாளிகளைத் தொகுத்து 2014-இல் வெளியான அலசலில், கீமோ முடிந்த முதல் மாதத்தில் 68 சதவீதம் பேருக்கு இந்த நரம்புப் பாதிப்பு இருந்தது. மூன்று மாதத்தில் 60 சதவீதம். ஆறு மாதம் தாண்டியும் 30 சதவீதம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கெர்ரி விண்டர்ஸ்-ஸ்டோன் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. சிகிச்சை முடிந்து சராசரியாக ஆறு ஆண்டுகள் கடந்த 512 பெண்களில் 47 சதவீதம் பேருக்கு மரப்பும் எரிச்சலும் தொடர்ந்தன. அப்படி இருந்தவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு அதிகமாகக் கீழே விழுந்திருந்தார்கள்.

நரம்பு ஒரு காரணம்தான். வாந்தியைத் தடுக்கக் கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு நாள்பட்டால் தொடைத் தசையைப் பலவீனமாக்கும். சம்மணமிட்டவர் தரையில் கையூன்றாமல் எழ முடியாது. சிஸ்பிளாட்டின் உள்காதையும் தொடக்கூடியது. மார்பகப் புற்றுக்கு ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் எலும்பை மெலியவைக்கும், மூட்டைப் பிடிக்கும். இடுப்பில் கரன்ட் வைத்தவர்களுக்கு இடுப்பெலும்பில் நுண்ணிய முறிவுகள் வரலாம், அவசரமாகக் கழிப்பறைக்கு ஓட வேண்டிய நிலையும் வரலாம். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்து, காட்டில் யானையும் இருந்தால், இரவு இரண்டு மணிக்கு அந்த அவசரம் எப்படிப்பட்டது என்பதைச் சானமாவுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். வாயிலும் தொண்டையிலும் புற்று வந்து கழுத்தில் நெறிக்கட்டிகளை அகற்றியவர்களுக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கிவிடும், கை தலைக்கு மேல் போகாது. இவற்றோடு ரத்தசோகையும், மாதக்கணக்கில் படுத்தே கிடந்ததும் சேர்ந்தால் தசை கரைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

"ரெஸ்ட் எடு" என்னும் அன்பான தப்பு

வீட்டுக்கு வந்தவரைச் சுற்றி உடனே ஒரு வளையம் உருவாகும். "நீ எழுந்திருக்காதம்மா", "தண்ணிக் குடம் தூக்காத", "அக்கா, நான் பாத்துக்கறேன், நீங்க படுங்க." அத்தனையும் பாசம். கொஞ்ச நாளைக்கு அது தேவையும்கூட. ஆனால் வாரங்கள் மாதங்களாகும்போது அந்தப் பாசமே காலைக் கட்டிப்போடுகிறது. படுத்தால் தசை போகும், தசை போனால் அசதி கூடும், அசதி கூடினால் மேலும் படுக்கத் தோன்றும். புற்றுநோய் அசதியின் குணமே தூங்கி எழுந்தாலும் தீராதது. அதைக் குறைக்கும் வழிகளில் வலுவான சான்று உள்ளது அளவான உடற்பயிற்சிக்குத்தான்.

நேர் எதிரான தப்பும் நடக்கிறது. கையில் பணம் தீர்ந்துவிட்டது, அறுவடை நிற்கிறது, மாமியாருக்கும் முடியவில்லை. கடைசிக் கீமோ முடிந்த மாதமே வயலில் இறங்கித் தக்காளிக் கிரேடு தூக்குகிறவர்களும் உண்டு. ஒரு பக்கம் முழு ஓய்வு, மறுபக்கம் முழு வேலை. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய படிப்படியான பயிற்சி மட்டும் காணாமல் போகிறது.

அந்த நடுப்படியைப் பற்றி மருத்துவ உலகம் இப்போது தயக்கமில்லாமல் பேசுகிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய பன்னாட்டு வல்லுநர் குழு, புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு 2019-இல் ஒரு தெளிவான அளவைச் சொன்னது. வாரம் மூன்று நாள், முப்பது நிமிடம், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு நடை போன்ற பயிற்சி. வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி.

சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபியோனா ஸ்ட்ரெக்மன் குழு 2024-இல் வெளியிட்ட முடிவு இன்னும் ஒரு படி மேலே. நரம்பைப் பாதிக்கும் கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பிரிவினருக்கு வாரம் இருமுறை சமநிலைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒற்றைக் காலில் நிற்பது, நிலையில்லாத பரப்பில் நிற்பது போன்ற எளிய பயிற்சிகள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 70 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு வந்தது. பயிற்சி செய்தவர்களில் அது 30 சதவீதம். ஆய்வு சிறியதுதான், 158 பேர். ஆனாலும் எரிச்சலுக்கும் வலிக்கும் வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கும் மாத்திரை டுலாக்சிடின் ஒன்றுதான், மரப்பைத் தடுக்கும் மாத்திரை எதுவுமே இல்லை என்ற நிலையில், செலவில்லாத ஒரு பயிற்சிக்கு இவ்வளவு பலன் என்பது சாதாரண செய்தி அல்ல.

உயிர்க் கணக்கிலேயே வித்தியாசம் வருமா என்ற கேள்விக்கும் 2025 ஜூனில் பதில் வந்தது. குடல் புற்றுக்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை முக்கியமாகக் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பின்தொடர்ந்த 'சேலஞ்ச்' ஆய்வு அது. மூன்று ஆண்டுகள் பயிற்சியாளரின் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டாண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 90 சதவீதம். கையேடு மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்களில் 83 சதவீதம். அவர்களுக்கு வைத்த இலக்கு, வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பதற்கு ஈடான கூடுதல் உழைப்பு. அவ்வளவுதான். ஆனால் கையேடு கொடுப்பதும் கூடவே நின்று செய்யவைப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த ஏழு சதவீதம் காட்டிக்கொடுக்கிறது.

நமக்குத் தெரிந்த முகமும் உண்டு. 2011 கிரிக்கெட் உலகக் கோப்பையின் தொடர் நாயகன் யுவராஜ் சிங், 2012-இன் தொடக்க மாதங்களில் அமெரிக்காவில் கீமோ எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், சென்னை சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிரான டி-20 போட்டியில் களம் இறங்கினார். இந்தியா ஒரு ரன்னில் தோற்ற ஆட்டம் அது. அரங்கம் கைதட்டியது அவருடைய வருகைக்கு. கீமோவுக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவில் பயிற்சியாளர்களும் பிசியோக்களும் தேசிய கிரிக்கெட் அகாடமியும் இருந்தன. சானமாவில் அந்த இடைவெளியை நிரப்ப என்ன இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும்

வீட்டுக் கூடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு முதுகு சாய்த்துப் போடுங்கள். நழுவக்கூடாது, அதுதான் முக்கியம். அதில் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டி, தோளைத் தொட்டுக்கொள்ளுங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படியட்டும். பக்கத்தில் ஒருவர் செல்போனில் முப்பது நொடிக்கு அலாரம் வைக்கட்டும். கையூன்றாமல் எழுந்து முழுதாக நிமிர்ந்து நின்று, திரும்ப உட்கார வேண்டும். எத்தனை முறை முடிகிறது? அறுபது வயதைத் தொட்ட பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் விழும் ஆபத்து அதிகம். கையூன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லையா? அன்றைய கணக்கு பூஜ்யம். அதை நோட்டில் எழுதுங்கள். நாற்காலியின் மேல் மடித்த போர்வை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டி, அங்கிருந்து தொடங்கலாம். வாரங்கள் போகப்போகப் போர்வையை எடுத்துவிடலாம்.

இந்தப் பயிற்சியைச் சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம், மருந்தாகவும் வைத்துக்கொள்ளலாம். தொடைக்கும் இடுப்புக்கும் இதைவிட நேரான பயிற்சி இல்லை.

அடுத்தது நிற்பது. சுவரை ஒட்டி, பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, நான்கு படிகள். முதலில் பாதங்களைச் சேர்த்து வைத்துப் பத்து நொடி. பிறகு ஒரு பாதத்தை அரைப்பாதம் முன்னே நகர்த்திப் பத்து நொடி. மூன்றாவது, ஒரு குதிகால் மற்றக் கட்டைவிரலைத் தொடும்படி நேர்க்கோட்டில். நான்காவது, ஒற்றைக் கால். மூன்றாவது படியில் பத்து நொடி நிற்க முடியாதவர் பயிற்சியில்லாமல் வயல் வரப்பில் நடக்கக் கூடாது. வரப்பு கேட்பதும் அதே நேர்க்கோட்டைத்தானே! நிற்பது தேறிய பிறகு, அதே கோட்டில் குதிகாலும் விரலும் தொட்டுத் தொட்டு நடப்பது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்து மடக்கி நீட்டுவது. எதிலும் விதி ஒன்றுதான்: இந்த வாரம் எளிதாக முடிந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டு.

பயிற்சிக்குச் சாப்பாடு துணை. புற்றுநோய்க்காரர்களுக்கான ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை, புரதம் தினமும் வேண்டும் என்கிறது. இந்த மண்ணின் ராகிக் களி சுண்ணாம்புச் சத்துக்கு நல்லது, எலும்புக்கு உதவும். ஆனால் புரதத்துக்கு அது மட்டும் போதாது. களியோடு முட்டை, கொள்ளு, அவரைப் பருப்பு, தயிர், மீன் என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்க வேண்டும். "பத்தியம்" என்று சொல்லி முட்டையை நிறுத்திக் கஞ்சியை மட்டும் கொடுப்பது தசையைப் பட்டினி போடுவது.

ரோஜா முள்ளும் தக்காளிக் கிரேடும்

மார்பகப் புற்றுக்கு அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பெண்களில் சிலருக்கு அந்தப் பக்கக் கை வீங்கும். "அந்தக் கையால எதையும் தூக்காத" என்பது பல தலைமுறை ஆலோசனை. 2009-இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களில் ஒரு பிரிவினர் மேற்பார்வையோடு மெல்ல மெல்ல எடையைக் கூட்டிப் பயிற்சி செய்தார்கள். வீக்கம் கூடவில்லை. வீக்கம் முற்றித் தொல்லை கொடுத்தது அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. கைக்குப் பலமும் வந்தது. இங்கே 'மெல்ல மெல்ல' என்பதுதான் சாவி. அரை கிலோவில் தொடங்குகிறவருக்கும் முதல் நாளே நிறைந்த தக்காளிக் கிரேடைத் தலைக்கு ஏற்றுகிறவருக்கும் இந்த ஆய்வு ஒரே பதிலைச் சொல்லவில்லை.

ரோஜாத் தோட்ட வேலைக்கு இன்னொரு எச்சரிக்கை. நெறிக்கட்டி எடுத்த கையில் சின்ன முள் குத்தினாலும் கிருமி எளிதாகப் பரவும். ஒரே இரவில் கை சிவந்து, சூடாகி, குளிர் ஜுரம் வந்துவிடலாம். முழங்கை வரை கையுறை போடாமல் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. குத்திவிட்டால் உடனே கழுவி மருந்து போட வேண்டும், சிவப்பு பரவினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

கால் மரத்தவர்களுக்கும் இந்த ஊருக்கே உரிய சில ஆபத்துகள் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர்ப் பகுதியில் மார்கழிக் குளிர் எலும்பைத் துளைக்கும். வாசலில் சருகைக் கொளுத்திக் காலை நீட்டிக் குளிர்காய்வது வழக்கம். மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வெந்நீரையும் பாதத்தால் சோதிக்காதீர்கள், முழங்கையால் தொட்டுப் பாருங்கள். ஹவாய் செருப்புக்குப் பதில் குதிகாலில் வார் வைத்த செருப்பு. இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு விளக்கு. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல். தினமும் தூங்கும் முன் பாதத்தின் அடியைப் பார்ப்பது. பெரிய செலவு எதுவும் இல்லை. சர்க்கரையும் பி-12 குறைபாடும் இருந்தால் மரப்பு மோசமாகும் என்பதால் அவற்றுக்கான ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் எல்லாப் பயிற்சியும் பொருந்தாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எலும்புக்குப் புற்று பரவியவர்கள், ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்கள், இதய பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடை தூக்கக்கூடாது. ஜுரம், நெஞ்சுவலி, ரத்தக் கசிவு இருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். திடீர் முதுகுவலியோடு கால் இழுத்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தாலோ அதைக் கீமோ மரப்பு என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். தண்டுவடம் அழுத்தப்படுவதாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கம்பெனி கேட்டுக்குள் திரும்புவது

சிறு திருகுகளைப் பொருத்தும் லைனில் வேலை செய்பவருக்கு விரல் நுனி மரத்தால் வேலையே போனது போல. எட்டு மணி நேரம் நிற்க வேண்டியவருக்குக் கால் தள்ளாடினால் அதேதான். அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு, அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நீடித்த நோய்கள் என்று பட்டியலிட்ட 34 நோய்களில் புற்றுநோயும் ஒன்று. அதற்கு ஊதியத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்க வழி உண்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும், சந்தா நாட்கள் போதிய அளவு இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இந்தத் திட்டம் பொருந்தும். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று நோய் வருவதற்கு முன்பே பார்த்துவைப்பது நல்லது.

அந்த இரண்டு ஆண்டு என்பது படுத்திருப்பதற்கான காலம் அல்ல, பலம் தேறுவதற்கான காலம். திரும்பும்போதும் முதல் மாதம் அரை நாள், பிறகு உட்கார்ந்து செய்யும் வேலை, நைட் ஷிஃப்ட் கடைசியாக என்று படிப்படியாக ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை நிர்வாகங்கள் செய்ய முடியும். விபத்தில் கால் முறிந்தவருக்கு 'லைட் டியூட்டி' கொடுக்கும் தொழிற்சாலை, கீமோவில் கால் மரத்தவருக்கு அதை மறுப்பதில் நியாயம் இல்லை.

இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது

வீட்டு வாசலுக்கே பிசியோ வருவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அது தொடங்கிய இடமும் இந்த மாவட்டம்தான். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்பு சிகிச்சை, தேவைப்படுகிறவர்களுக்கு இயன்முறை சிகிச்சை. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

புற்றுநோயிலிருந்து மீண்டவர் இந்தக் கணக்கில் எளிதாக விட்டுப்போகக்கூடியவர். அவருக்குப் பிரஷர் இல்லாமல் இருக்கலாம், சர்க்கரை இல்லாமல் இருக்கலாம். படுத்த படுக்கையாகவும் இல்லை. பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறார். சிகிச்சை பெங்களூரில் நடந்திருந்தால், அவர் எப்போது ஊர் திரும்பினார் என்ற தகவல்கூட உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தானாக வந்து சேராது. சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வரும்போது "பி.பி. இருக்கா, சுகர் இருக்கா" என்ற கேள்விகளோடு "கீமோ எடுத்தீங்களா, கால் மரக்குதா, இந்த ஆறு மாசத்துல விழுந்தீங்களா" என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால் போதும். புதிய கட்டடமோ கருவியோ வேண்டியதில்லை. இருக்கும் பிசியோவின் வருகைப் பட்டியலில் இன்னும் சில வீடுகள் சேரும், அவ்வளவுதான்.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சிகிச்சை முடிந்து கிளம்பும் நாளில், டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துகளுக்குக் கீழே பயிற்சிக்கும் ஒரு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருந்து கொடுத்தார்கள், அது நரம்பைப் பாதிக்குமா, எவ்வளவு எடை தூக்கலாம், எந்தப் பயிற்சி கூடாது என்று தமிழிலோ கன்னடத்திலோ தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். ஊர் வந்ததும் அந்தச் சீட்டோடு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஓசூர் அரசு மருத்துவமனைக்கோ போய், வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரின் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். போய்வரும் செலவு தடையாக வேண்டாம்: தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம்.

கட்டியை எடுப்பது மருத்துவமனையின் வேலை. மனிதரை மறுபடி நிற்கவைப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். அதைக் கேட்டு வாங்குங்கள்.